மஞ்சள் கேள்விக்குறி என்ன சொல்கிறது?

(இ-சேவை மையப் பணியாளர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர்கள் கூடியிருந்த அவையில், திருவண்ணாமலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளிலிருந்து இந்த ஊரில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். செங்கம், தண்டராம்பட்டு, கலசப்பாக்கம், போளூர் பக்கமிருந்தெல்லாம் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரிலிருந்து காலையிலேயே புறப்பட்டு வருகிறவர்களும் உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார் என ஒவ்வொன்றாக இறக்கி பிரவுசிங் சென்டரில் அச்செடுக்கிறார்கள். தாளைக் கையில் வாங்கிப் பார்த்தால், அதிகாரியின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் நிறத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி. அதன்மேல் ஆங்கிலத்தில் 'சிக்னேச்சர் நாட் வெரிஃபைட்' என்றோ 'வேலிடிட்டி அன்நோன்' என்றோ எழுதியிருக்கிறது.

அந்தத் தாளைக் கல்லூரி அலுவலகத்தில் ஒரு தகப்பனார் நீட்டுகிறார். "கையெழுத்து சரிபார்க்கப்படலைன்னு இதுலயே போட்டிருக்கே, வேற வாங்கிட்டு வாங்க ஐயா" என்கிறார் எழுத்தர். அவர் தாலுகா ஆபீசுக்குத் திரும்புகிறார். "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு, நீங்க கம்ப்யூட்டர்ல பாருங்க" என்று அங்கே பதில் வருகிறது. இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. பஸ் செலவு போகிறது. சேர்க்கைக்குக் கடைசி நாள் நெருங்குகிறது. இந்த அலைச்சல் தேவையே இல்லாதது என்பதால்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். அந்தக் கேள்விக்குறியைப் போட்டது தாசில்தார் அலுவலகம் அல்ல. நம் கணினியில் பி.டி.எஃப்.ஐத் திறக்கும் அடோபி ரீடர்தான் அதைக் காட்டுகிறது. 'இந்தக் கையொப்பத்துக்குப் பின்னால் நிற்பவரை எனக்குத் தெரியாது' என்று அது சொல்கிறது. ஆவணம் போலி என்று சொல்லவில்லை. தெரியாது என்பதும் பொய் என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் கைப்பழக்கம்தான்.

டிஜிட்டல் கையொப்பம் என்பது ஸ்கேன் செய்து ஒட்டிய கையெழுத்துப் படம் அல்ல. அது ஒரு கணக்கு. வருமானச் சான்று ஒன்றில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையொப்பமிடும் மென்பொருள் அந்தக் கோப்பு முழுவதையும் எடுத்து, 'ஷா-256' என்ற கணக்கு முறையில் போட்டு, 64 எழுத்து நீளமுள்ள ஒரு சாரத்தை எடுக்கிறது. 72,000 என்பதை 73,000 என்று மாற்றினால், அதாவது ஒரே ஓர் இலக்கத்தைத் தொட்டால், அந்த 64 எழுத்தும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். அதிகாரியின் கையில் இருக்கும் யு.எஸ்.பி. டோக்கனுக்குள் ஓர் இரகசியச் சாவி இருக்கிறது. அதை வைத்து அந்தச் சாரத்தைப் பூட்டுவதுதான் கையொப்பம். திறந்து பார்ப்பதற்கான பொதுச் சாவி சான்றிதழ் வடிவில் கோப்புக்குள்ளேயே வருகிறது. பூட்டத் தெரிந்தவர் ஒருவர், திறந்து பார்க்கக் கூடியவர்கள் எல்லோரும் என்ற இந்த ஏற்பாட்டை டிஃபி, ஹெல்மன் இருவரும் 1976இல் முன்வைத்தார்கள். ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் அடுத்த ஆண்டே அதற்குச் செயல்படும் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். மூவர் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்ததுதான் ஆர்.எஸ்.ஏ. உங்கள் ஆதார் கோப்பில் இன்றும் வேலை செய்வது அந்த வழிதான்.

ஆக, சரிபார்க்கும்போது கணினி இரண்டு தனித்தனிக் கேள்விகளைக் கேட்கிறது. கையொப்பமிட்ட பிறகு இந்தக் கோப்பில் யாராவது கைவைத்தார்களா? கையொப்பமிட்ட சாவி உண்மையிலேயே அந்த அதிகாரியுடையதா? முதல் கேள்விக்குக் கோப்பை மட்டும் வைத்தே பதில் கண்டுவிடலாம். இரண்டாவதற்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும்.

இது நம் மண்ணில் நமக்குத் தெரிந்த வழக்குதான். பெரிய புராணத்தில் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையை நினைத்துப் பாருங்கள். புத்தூரில் சுந்தரரின் மணப்பந்தலில் ஒரு முதியவர் வந்து, 'நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது' என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு பெண்ணையாற்றுப் பக்கத்துத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. கிழிந்தது படியோலை, மூலவோலை என்னிடம் இருக்கிறது என்று முதியவர் எடுத்து நீட்டுகிறார். இங்கேதான் அந்த அவை செய்ததைக் கவனிக்க வேண்டும். ஓலையை மட்டும் உற்றுப் பார்த்து அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தப் பாட்டனார் எழுதிய வேறோர் எழுத்தைப் பாதுகாப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் செய்தார்கள். எழுத்து ஒத்துப்போனது. பிறகுதான் சுந்தரர் தோற்றார் என்று அவை சொன்னது.

முதியவர் அந்த ஒப்பீட்டு ஓலையையும் தம் மடியிலிருந்தே எடுத்துக் கொடுத்திருந்தால் அவை ஏற்றிருக்குமா? ஏற்றிருக்காது. ஒப்பிட வைத்திருக்கும் மாதிரி, வழக்காடுகிறவர் கையில் இல்லாமல், எல்லோரும் நம்பும் இடத்தில் தனியே இருக்க வேண்டும். டிஜிட்டல் கையொப்பச் சரிபார்ப்பின் உயிரே இதுதான். நம்மில் பலர் தவறுவதும் இங்கேதான். சற்றுப் பிறகு இதற்குத் திரும்ப வருகிறேன்.

நம் நாட்டில் அந்தப் பாதுகாப்பான இடம் எது? 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி மத்திய மின்னணு அமைச்சகத்தின் கீழ் சான்றளிப்பு அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர் என்று ஓர் அதிகாரி இருக்கிறார். சுருக்கமாக சி.சி.ஏ. என்பார்கள். நாட்டின் மூலச் சான்றிதழ் அவரிடம் இருக்கிறது. 'சி.சி.ஏ. இந்தியா 2014', 'சி.சி.ஏ. இந்தியா 2022' என்று ஆண்டோடு பெயர் தாங்கி வரும். அவர் சில நிறுவனங்களுக்கு உரிமம் தருகிறார். 2002இல் முதல் உரிமம் பெற்ற சேஃப்ஸ்கிரிப்ட், நம் சென்னையின் சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தின் துணை நிறுவனமாக இருந்தது. இன்று இ-முத்ரா, என்-கோட், சி-டாக், கேப்ரிகார்ன் என்று பல இருக்கின்றன. ஆளை விசாரித்து, அடையாளம் பார்த்து, டோக்கனில் சான்றிதழ் கொடுப்பது அவர்கள் வேலை. ஆக, தாசில்தாரின் சான்றிதழுக்கு உரிமம் பெற்ற நிறுவனம் சாட்சி. அந்த நிறுவனத்துக்கு சி.சி.ஏ. சாட்சி. இதைச் சங்கிலி என்கிறோம்.

அடோபி ரீடர் தனக்கென்று ஒரு நம்பிக்கைப் பட்டியல் வைத்திருக்கிறது. கோப்பின் சங்கிலி போய் முடியும் மூலச் சான்றிதழ் அந்தப் பட்டியலிலோ, உங்கள் கணினியில் நீங்கள் சேர்த்தவற்றிலோ இல்லாவிட்டால் கேள்விக்குறி வரும். சங்கிலி நன்றாகத்தான் இருக்கிறது. அது போய்ச் சேரும் இடம் ரீடருக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

இப்போது கையில் ஒரு கோப்பு இருக்கிறது, கேள்விக்குறி காட்டுகிறது, என்ன செய்வது என்று பார்ப்போம். இ-சேவை நண்பர்கள் இதைக் குறித்துக்கொண்டால் நல்லது.

கையொப்பத்தின் மேல் ஒரு முறை சொடுக்கி, 'சிக்னேச்சர் பேனல்' என்ற பகுதியைத் திறந்து படியுங்கள். பெரும்பாலானோர் கேள்விக்குறியோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பகுதியில் விவரம் வரிவரியாக இருக்கிறது. 'கையொப்பமிட்ட பிறகு ஆவணம் மாற்றப்படவில்லை' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் முதல் கேள்வி தீர்ந்தது. அதன் கீழே, 'கையொப்பமிட்டவரின் அடையாளம் தெரியவில்லை, நம்பிக்கைப் பட்டியலில் அவரோ அவருக்கு மேலுள்ள சான்றிதழ்களோ இல்லை' என்ற பொருளில் இருந்தால், மூலச் சான்றிதழ் இல்லாததுதான் குறை. அதற்கு மாறாக, சிவப்புப் பெருக்கல் குறியோடு, ஆவணம் மாற்றப்பட்டிருக்கிறது அல்லது சிதைந்திருக்கிறது என்று வந்தால் அந்தக் கோப்பை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதை எந்த அமைப்பை மாற்றியும் சரிசெய்யக் கூடாது, சரிசெய்யவும் முடியாது. வழங்கிய தளத்துக்குப் போய் மூலக்கோப்பை மறுபடி இறக்க வேண்டும். அதுவும் அதே குறையைக் காட்டினால் வழங்கிய அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும்.

மூலச் சான்றிதழ் இல்லாத குறைக்கு மருந்து எளிது. சி.சி.ஏ.வின் அதிகாரபூர்வ தளம் cca.gov.in. அங்கிருந்து மூலச் சான்றிதழ்களை இறக்கிக்கொள்ளுங்கள். அடோபி ரீடரில் எடிட், பிரிஃபரன்சஸ், சிக்னேச்சர்ஸ் என்று போனால் நம்பிக்கைச் சான்றிதழ்களுக்கு ஒரு பிரிவு இருக்கும். அதில் இம்போர்ட் செய்து, அந்தச் சான்றிதழுக்கு 'ட்ரஸ்டட் ரூட்' என்ற கட்டத்தில் மட்டும் குறியிடுங்கள். அதன் கீழே டைனமிக் கன்டென்ட், ஜாவாஸ்கிரிப்ட், சிஸ்டம் ஆபரேஷன்ஸ் என்று வேறு சில கட்டங்கள் இருக்கும். அவற்றைத் தொடாதீர்கள். அவை கையொப்பத்துக்குத் தேவையில்லாதவை. கோப்புக்கு உங்கள் கணினியில் அதிக உரிமை கொடுத்துவிடுபவை. பிறகு கோப்பை மூடித் திறந்து, 'வேலிடேட் ஆல்' கொடுங்கள். பச்சைக் குறி வந்துவிடும். ஒரு முறை செய்தால் போதும். அதே மூலத்தின் கீழ் வரும் எல்லா ஆவணமும் அந்தக் கணினியில் தானாகச் சரிபார்க்கப்படும்.

இவ்வளவு செய்தும் வரவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, கணினியின் தேதி. பழைய கணினிகளில் மதர்போர்டில் இருக்கும் வட்டமான சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதி பல ஆண்டு பின்னால் போய் நிற்கும். அந்தத் தேதியில் தாசில்தாரின் சான்றிதழ் பிறந்தே இருக்காது. அப்புறம் எப்படிச் செல்லும் என்று காட்டும்? தேதியைத் திருத்தி, பேட்டரியை மாற்றினால் தீர்ந்துவிடும். நான் பார்த்த பல சென்டர்களில் குறை இதுதான். யாருக்கும் சந்தேகமே வராத இடம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். இன்னொன்று, இணைய இணைப்பு. சான்றிதழ் இடையில் ரத்து செய்யப்பட்டதா என்று ரீடர் இணையத்தில் போய்ப் பார்க்கிறது. இணைப்பு இல்லாவிட்டாலோ, அலுவலக ஃபயர்வால் தடுத்தாலோ, உறுதியாகச் சொல்ல முடியாமல் நின்றுவிடும். மூன்றாவது, எதில் திறக்கிறீர்கள் என்பது. குரோமிலோ செல்போனின் வாட்ஸ்அப்பிலோ திறந்தால் ஆவணம் தெரியும், கையொப்பச் சோதனை நடக்காது. அங்கே தெரியும் கேள்விக்குறிக்கும் பொருள் இல்லை, பச்சைக் குறிக்கும் பொருள் இல்லை.

இனி, முன்பு விட்ட இடத்துக்கு வருகிறேன். பல இடங்களில் ஒரு குறுக்குவழி சொல்லித் தருகிறார்கள். கேள்விக்குறியின் மேல் வலது சொடுக்கு, 'ஷோ சர்டிஃபிகேட்', 'ட்ரஸ்ட்', 'ஆட்', எது கேட்டாலும் ஓகே, ஓகே. பச்சைக் குறி வந்துவிடுகிறது. ஆதார் ஆணையத்தின் வழிகாட்டுதலும் ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் அதில் ஒரு படி உண்டு. சான்றிதழ்ச் சங்கிலியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு நம்பச் சொல்கிறார்கள். ஆணையத்தின் தளத்திலிருந்து நீங்களே இறக்கிய உங்கள் சொந்த ஆதாருக்கு இந்த வழி பொருந்தும். வேறொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வேலை நியமன ஆணைக்கோ, மின்னஞ்சலில் வந்த பட்டாவுக்கோ இதே வழியைப் பின்பற்றினால் பெரிய ஆபத்து.

ஏன் என்று கேளுங்கள். இலவச மென்பொருளை வைத்து யார் வேண்டுமானாலும் ஒரு சான்றிதழ் உண்டாக்கி, அதற்கு 'சி.சி.ஏ. இந்தியா 2022' என்று பெயர் வைத்துவிடலாம். பெயருக்குக் காவல் கிடையாது. அதன் கீழே ஒரு போலி நிறுவனம், அதன் கீழே ஒரு போலி தாசில்தார் என்று முழுச் சங்கிலியையும் கட்டிவிடலாம். கோப்புக்குள் இருக்கும் சங்கிலியைப் பார்த்து, கோப்புக்குள் இருக்கும் மூலத்தையே நம்பச் சொல்லி ஓகே கொடுத்தால், உங்கள் கணினி அந்தப் போலிக்கும் பச்சைக் குறி போடும். அதோடு நிற்காது. அதே ஆள் நாளை அனுப்பும் எல்லாப் போலிக்கும் போடும். மடியிலிருந்து எடுத்த ஓலையை மடியிலிருந்து எடுத்த இன்னோர் ஓலையோடு ஒப்பிட்டது போலத்தான். அதனால்தான் மூலச் சான்றிதழைத் தளத்திலிருந்து இறக்கிச் சேருங்கள் என்று சொன்னேன். அதைச் சேர்த்த பிறகும், தேதியும் இணைப்பும் சரியாக இருந்தும், அடையாளம் தெரியவில்லை என்றே ஒரு கோப்பு காட்டினால், அதை உங்கள் கையால் நம்பிக்கைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். வழங்கியதாகச் சொல்லப்படும் அலுவலகத்தை விசாரியுங்கள்.

சாட்சி சொல்லும் அமைப்பே தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2014 ஜூலையில், தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்பு அமைப்பின் பெயரில் கூகுளின் இணைய முகவரிகளுக்குக் கள்ளச் சான்றிதழ்கள் வெளியாகியிருந்ததைக் கூகுள் கண்டுபிடித்தது. அவை கையொப்பத்துக்கானவை அல்ல, இணையதளங்களுக்கானவை. ஆனால் நம்பிக்கைச் சங்கிலி ஒன்றுதான். சி.சி.ஏ. உடனே அந்த அமைப்பின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். குரோம் உலாவி, இந்திய மூலத்தின் கீழ் வரும் இணையதளச் சான்றிதழ்களைச் சில இந்திய முகவரிகளுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது. ரீடர் ஒவ்வொரு முறையும் ரத்துப் பட்டியலைத் தேடிப்போவதற்கு இப்படிப்பட்ட தவறுகள்தான் காரணம். 'எதற்கு இந்தத் தொல்லை' என்று அந்தச் சோதனையை அணைத்துவைக்கச் சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அணைக்காதீர்கள்.

அடுத்து, அச்சுத்தாள். நம் அருணாசலேசுவரர் கோயில் சுவர்களில் சோழர் காலம் தொடங்கி எத்தனையோ கல்வெட்டுகள். தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஆவணத்தின் முடிவில் 'இவை இன்னார் எழுத்து' என்று கையெழுத்திட்டவர்களின் பெயர் வரும். ஆனால் சுவரில் இருப்பது அவர்களின் கையெழுத்து அல்ல. ஓலையில் அவர்கள் இட்ட கையெழுத்தைக் கல்தச்சர் பெயராகப் பார்த்துச் செதுக்கியது. கையெழுத்து நடந்தது என்ற செய்தி மட்டுமே கல்லில் இருக்கிறது. நீங்கள் அச்செடுத்த தாளின் நிலையும் இதுவே. கையொப்பம் கோப்பில் இருக்கிறது. தாளில் இருப்பது செய்தி மட்டும். பச்சைக் குறியோடு அச்சடித்த தாளும் கேள்விக்குறியோடு அச்சடித்த தாளும் சான்று மதிப்பில் ஒன்றுதான். பச்சைக் குறியைப் படமாக ஒட்ட ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கே ஒரு நிமிடம் போதும். ஆகவே கல்லூரி அலுவலக நண்பர்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்: தாளில் உள்ள குறியைப் பார்த்து ஏற்கவும் வேண்டாம், திருப்பி அனுப்பவும் வேண்டாம்.

தாளை எப்படிச் சரிபார்ப்பது? அதற்குத்தான் கியூ.ஆர். குறியும் சான்றிதழ் எண்ணும். அங்கேயும் ஒரு கவனம் வேண்டும். ஆதாரின் கியூ.ஆர். குறிக்குள்ளேயே ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. ஆணையத்தின் செயலியில் காட்டினால் இணையம் இல்லாமலே உண்மை தெரிந்துவிடும். இணைய முகவரிக்குக் கூட்டிப்போகும் கியூ.ஆர். குறி அப்படிப்பட்டதல்ல. அது எந்த முகவரிக்குப் போகிறது என்று பாருங்கள். முகவரி tn.gov.in போன்று அரசு முகவரியாக முடிகிறதா என்று பார்க்காமல், திரையில் 'வெரிஃபைட்' என்று வந்தது என்பதற்காக ஏற்றுவிடக் கூடாது. போலிச் சான்று செய்கிறவனால் போலித் தளமும் செய்ய முடியும். சந்தேகம் வந்தால் குறியை விட்டுவிட்டு, அரசுத் தளத்தை நீங்களே திறந்து சான்றிதழ் எண்ணை உள்ளிட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

இன்னொரு விஷயம், இது நாம் நம் கையாலேயே செய்துகொள்ளும் கெடுதல். விண்ணப்பத் தளம் 200 கே.பி.க்குள் கோப்பு வேண்டும் என்கிறது. சான்றிதழ் அதைவிடப் பெரிதாக இருக்கிறது. உடனே ஓர் இணையதளத்தில் போட்டுச் சுருக்குகிறோம். அல்லது 'பிரின்ட் டு பி.டி.எஃப்.' கொடுக்கிறோம். அல்லது நாலு சான்றிதழை ஒன்றாகச் சேர்க்கிறோம். பார்வைக்கு அப்படியே இருக்கும். கையொப்பம் செத்துப்போயிருக்கும். ஏனென்றால் கோப்பு மறுபடி எழுதப்பட்டுவிட்டது. இப்போது எடுக்கும் சாரம் வேறு, அன்று பூட்டிய சாரம் வேறு. செல்போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதும் இதே கதை. தளம் கேட்கும் அளவுக்குச் சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் சுருக்கிய நகலை அங்கே ஏற்றுங்கள். மூலக்கோப்பை பெயர்கூட மாற்றாமல் தனியாக ஒரு பென்டிரைவிலும் மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள். (பெயர் மாற்றினால் கையொப்பம் கெடாது. எது மூலம், எது நகல் என்ற குழப்பம் வரக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.) டிஜிலாக்கரில் கிடைக்கும் ஆவணங்களை அங்கிருந்தே பகிர்வது இன்னும் நல்லது. வழங்கிய துறையிலிருந்து நேரே டிஜிலாக்கருக்கு வரும் ஆவணம் அசலுக்கு இணையானது என்று டிஜிலாக்கர் வசதிக்கான 2016ஆம் ஆண்டின் விதிகளில் 2017இல் திருத்தம் செய்து சொல்லியிருக்கிறார்கள்.

ஆசிரியர்கள் சிலர் வருமான வரிப் படிவம் 16 பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் வரும் கேள்விக்குறிக்கும் இதே மருந்துதான். தனியாக ஒன்றும் இல்லை.

காலாவதி என்ற குறை மட்டும் சற்றுச் சிக்கலானது. கையொப்பச் சான்றிதழ்களுக்கு ஆயுள் ஓரிரு ஆண்டுகள், அதிகம் போனால் மூன்று. ஒரு மாணவி பிளஸ் டூ முடித்தபோது வாங்கிய சாதிச் சான்றை, படிப்பு முடித்து வேலைக்குப் போகும்போது திறக்கிறாள். கையொப்பமிட்ட அதிகாரி மாற்றலாகிப் போயிருப்பார், அவர் டோக்கனும் காலாவதி ஆகியிருக்கும். ரீடர் குறை சொல்கிறது. சாதிச் சான்று காலாவதி ஆகவில்லை. கையொப்பமிட்ட நாளில் அந்தச் சாவி உயிரோடு இருந்ததா என்பதே கேள்வி. அதை நிரூபிக்க, கையொப்பத்தோடு நம்பகமான ஒரு காலமுத்திரை சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்திருந்தால் பல ஆண்டுக்குப் பிறகும் செல்லும் என்று காட்டும். சேராவிட்டால், கையொப்பமிட்ட கணினியின் கடிகாரம் காட்டிய நேரம் மட்டுமே மிஞ்சும். அதை யாரும் மாற்றி வைக்கலாம் என்பதால் ரீடர் இயல்பாக அதை நம்புவதில்லை. இந்தக் குறையை மாணவியால் சரிசெய்ய முடியாது, பிரவுசிங் சென்டராலும் முடியாது. கையொப்பமிட்ட பக்கம்தான் அதைச் செய்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட சான்றைக் கையில் வைத்திருப்பவரிடம் குறை கண்டுபிடிப்பது நியாயமே இல்லை. சான்றிதழ் எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு பெரியவர், சொத்துக்கு உயிலும் இப்படியே எழுதிவிடலாமா என்று கேட்டிருந்தார். கூடாது ஐயா. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணை உயிலை விலக்கி வைத்திருக்கிறது. உயில் தாளில்தான், கையெழுத்தோடு, இரண்டு சாட்சிகளோடு.

டோக்கன் வைத்திருக்கும் அதிகாரிகளும் தணிக்கையாளர்களும் இந்த அவையில் இருப்பீர்கள். டோக்கனை உதவியாளர் மேஜையில் விட்டுவிட்டு, பின் எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போகும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வேலைப்பளு எனக்கும் புரிகிறது. ஆனால் சட்டத்தின் 42ஆம் பிரிவு அந்தச் சாவியைக் காக்கும் பொறுப்பை உங்கள் மேல்தான் வைத்திருக்கிறது. இன்னொருவரின் மின் கையொப்பத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. உங்கள் டோக்கனால் போட்ட கையொப்பத்தில் கணினி எந்தக் குறையும் காட்டாது. அங்கே பச்சைக் குறிதான் வரும். அதனால்தான் அது ஆபத்து.

சான்று வழங்கும் அலுவலகங்களிடம் என் கோரிக்கைகளைச் சொல்லி முடிக்கிறேன். இந்தக் குறைகளில் பாதி உங்கள் பக்கத்தில் தீரக்கூடியவை. கையொப்பமிடும் மென்பொருளில் காலமுத்திரையைக் கட்டாயமாக்குங்கள். உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனங்கள் அந்தச் சேவையைத் தருகின்றன. சங்கிலியில் உள்ள எல்லாச் சான்றிதழ்களையும் ரத்து விவரத்தையும் கோப்புக்குள்ளேயே சேர்த்து அனுப்புங்கள். இணையம் இல்லாத கிராமத்துப் பள்ளியிலும் பிறகு திறந்து பார்க்க முடியும். விண்ணப்பத் தளங்களில் கோப்பு அளவை, சான்றிதழ் சுருக்காமல் ஏறும் அளவுக்கு உயர்த்துங்கள். சான்றுகளைப் பெறும் கல்லூரிகளும் வங்கிகளும் ஒன்றே ஒன்று செய்தால் போதும்: சேர்க்கைப் பிரிவில் உள்ள கணினிகளில் சி.சி.ஏ. மூலச் சான்றிதழ்களைச் சேர்க்கை தொடங்குமுன் நிறுவி, கவுன்டரில் உட்காரும் எழுத்தருக்கு சிக்னேச்சர் பேனலை எப்படிப் படிப்பது என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுங்கள். இ-சேவை நண்பர்கள், கூட்டம் முடிந்ததும் இங்கே இருக்கும் கணினிக்குப் பக்கத்தில் வாருங்கள். இம்போர்ட் செய்வதைச் செய்தே காட்டுகிறேன். உங்கள் பென்டிரைவில் சான்றிதழ்க் கோப்பை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டாம். உங்கள் சென்டரில் உட்கார்ந்து தளத்திலிருந்து நீங்களே இறக்கிக்கொள்ளுங்கள்.